சிறுவாடும் சுவரெழுத்தும்
(நமது சங்கத்தின் மும்பை மகளிர் கூட்டத்தில், சீத்தா கேம்ப் பகுதியிலிருந்து வந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்த தலைமுறைப் பெண்கள் இளைய தலைமுறைக்குச் சொல்லும் அறிவுரை என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். அறிவுரை என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் ஒன்பதாம் வகுப்பு வரை, மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பாலவாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வாழ்க்கை போய்விட்டது. அதுமட்டுமல்ல, நான் கொடுத்த அறிவுரை ஒன்றினால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டிருக்கிறது. அதையும் இன்று சொல்லத்தான் போகிறேன். ஆகவே அறிவுரையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைப் பெண்கள் ஒருவருக்கொருவர் என்ன கொடுத்தோம், எதைக் கொடுக்கத் தவறினோம் என்ற கணக்கைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காடு. 1962இல் என் அம்மா, கைக்குழந்தையாக இருந்த என் அக்காவுடன் பம்பாய்க்கு ரயில் ஏறினாள். ஐயா ஏற்கெனவே இங்கே வந்து கட்டட வேலையில் இருந்தார். மதராஸ் போய், அங்கிருந்து மெயில் வண்டி. ஸ்டேஷனில் என் ஆச்சி, அம்மாவின் முந்தானை முனையை இழுத்து அதில் ஒரு முடிச்சுப் போட்டாளாம். ஒன்பது ரூபாய். பருத்தி எடுத்த கூலியில் அரிசிப் பானைக்குள் சேர்த்தது. “இது ஒம் புருசனுக்குத் தெரிய வேண்டாம்ளா. ஒங்கப்பனுக்கும் தெரியாது” என்று சொல்லி அனுப்பினாள்.

இதற்கு நம் பக்கத்தில் சிறுவாடு என்று பெயர். இங்கே இருக்கும் நம் வீடுகளில் எத்தனை அரிசி டப்பாக்களில், எத்தனை மசாலா டப்பாக்களில் சிறுவாடு கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆண்கள் யாரும் இன்றைக்குப் போய்த் தேட வேண்டாம். (சிரிப்பு.) என் ஆச்சி கொடுத்த முதல் பாடம் இதுதான்: பெண் கையில் காசு இருக்க வேண்டும், ஆனால் அது யாருக்கும் தெரியக்கூடாது. அந்த இரண்டாவது பாதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன்.

அம்மா வந்து இறங்கிய இடம் ஜனதா காலனி. டிராம்பே பக்கம் அப்படி ஒரு பெரிய குடியிருப்பு இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தமிழர், மராத்தியர், மலையாளிகள், உத்தரப் பிரதேசத்து முஸ்லிம்கள் எல்லோரும் கலந்து வாழ்ந்த இடம். நான் பிறந்தது அங்கேதான், 1964இல். அம்மா செம்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எழுத்து தெரியாது. இந்தி தெரியாது. ஆனால் குழாயடியில் ஆறு மாதத்தில் மராத்தி பேசக் கற்றுக்கொண்டாள். மராத்தியிலும் அக்காவுக்கு அக்கா என்றே ஒரு சொல் உண்டு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடுவாள்.

அம்மா ஒரு சீட்டு நடத்தினாள். பன்னிரண்டு பெண்கள், மாதம் ஐந்து ரூபாய். குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு அறுபது ரூபாய். இதற்குக் கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டால், அடுப்புக்குப் பக்கத்துச் சுவர்தான். ஆளுக்கு ஒரு வரிசை. பணம் கொடுத்தால் கரித்துண்டால் ஒரு கோடு. சீட்டு எடுத்துவிட்டால் வரிசையின் தலையில் ஒரு வட்டம். பொங்கலுக்கு வீடெல்லாம் வெள்ளையடிப்போம்; ஆனால் பழைய சீட்டு முடிந்து கடைசிப் பெண் பணம் வாங்கிய பிறகுதான் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு. யாருக்கும் சந்தேகம் வந்தால் வந்து சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். ஆச்சி பானைக்குள் ஒளித்ததை அம்மா சுவரில் எழுதினாள். இதை ஒரு பெரிய முன்னேற்றம் என்றே சொல்வேன். ஒளித்த காசு ஒருத்திக்குத்தான் உதவும், சுவரில் எழுதிய காசு பன்னிரண்டு பேருக்கு உதவியது.

இடையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972இல் மகாராஷ்டிரத்தில் கடும் பஞ்சம். விலைவாசி ஏறி, எண்ணெயும் சர்க்கரையும் கண்ணில் படாத காலம். மிருணாள் கோரே, அகில்யா ராங்ணேகர் போன்ற தலைவிகள் விலைவாசி எதிர்ப்புக்காகப் பெண்களைத் திரட்டினார்கள். தட்டைத் தட்டிக்கொண்டு, சப்பாத்திக் கட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு பெண்கள் ஊர்வலம் போனார்கள். லாட்ணே மோர்ச்சா என்பார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா வந்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவுக்குப் போக ஆசை. ஆனால் எங்கள் வீட்டில் சப்பாத்திக் கட்டை ஏது? இருந்தது ஆட்டுக்கல் குழவிதான். அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் மந்திராலயமே ஆடியிருக்கும். (சிரிப்பு.) கடைசியில் அந்த அம்மாவிடமே இன்னொரு கட்டையை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு எட்டு வயது. திரும்பி வந்தபோது அவளுக்குக் குரலே இல்லை. ஆனால் முகம் வேறு முகமாக இருந்தது. “தெருவுல நின்னு கத்துனா நம்மள ஒண்ணுஞ் செய்யமாட்டாங்க போலருக்கே” என்று ஐயாவிடம் சொன்னாள். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவரே சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். இது நடந்தது ஒரே ஒரு நாள்தான் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

1976. நெருக்கடி நிலைக் காலம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் மாநில அரசு குடிசைகளை எண்ணி போட்டோ பாஸ் கொடுக்கத் தொடங்கியது. மே 17ஆம் தேதி ஜனதா காலனி முழுவதும் காலி செய்யப்பட்டது. போலீஸ், லாரி, இடிக்கும் ஆட்கள். எழுபதாயிரம் பேர் வாழ்ந்த இடம் என்று சொல்வார்கள். அந்த மக்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடிய ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2018இல் மறைந்தார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதும்தான். ஆனால் அந்த நாட்களில் கோர்ட்டுக்கும் ஊர்வலத்திற்கும் போன ஆண்களுக்குச் சோறாக்கி அனுப்பி, தண்ணீர் சுமந்து, கூடவே கூட்டத்திலும் உட்கார்ந்திருந்த பெண்களின் பெயரை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. நம் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா எடுத்துக்கொண்டது இரண்டு பாத்திரம், ஆட்டுக்கல் குழவி, ஒரு டிரங்குப் பெட்டி. லாரி ஏறும் முன் திரும்பிப் பார்த்தாள். வீட்டைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் பார்த்தது அடுப்படிச் சுவரை. அது அப்போது தரையில் கிடந்தது. ஐந்து மாதச் சீட்டுக் கணக்கும் அதோடு போயிற்று.

எங்களைக் கொண்டுபோய் இறக்கிய சதுப்பு நிலம்தான் இன்றைய சீத்தா கேம்ப். கொசு, சேறு, பாம்பு. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. அம்மா மூன்று நாள் அலைந்து பன்னிரண்டு பெண்களையும் தேடிப் பிடித்தாள். சீட்டு என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கும் ஆபத்து புரியும். ஐந்து பேர் ஏற்கெனவே பணம் எடுத்துவிட்டார்கள். அவர்கள் “இனிக் கட்ட மாட்டேன், கணக்கு எங்கே?” என்று கேட்டால் அம்மாவிடம் பதில் கிடையாது. எடுக்காத ஏழு பேருக்கும் அவள்தான் பொறுப்பு. அந்த ஐந்து பேரில் நான்கு பேர், தாங்கள் எடுத்த மாதத்தையும் கட்டிய மாதத்தையும் தாங்களாகவே சொன்னார்கள். வீடு போய், பிள்ளைக்குப் பால் இல்லாமல் சேற்றில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவர்கள். ஒருத்தி மட்டும், மே மாதக் காசை முன்பே கொடுத்துவிட்டேன் என்று சாதித்தாள். கொடுக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். சண்டை போடவில்லை. அந்த ஐந்து ரூபாயைத் தானே போட்டாள். அன்று அது எங்கள் வீட்டில் இரண்டு நாள் அரிசி. அடுத்த சீட்டில் அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. கோபமாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் சேர்க்கவும் இல்லை.

அந்த வாரமே எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தாள். “ஏளா, இனிமே சொவத்துல வேண்டாம். சொவத்த இடிச்சுப்புடுவானுவ. நோட்ட மடியில கட்டிக்கிட்டு ஓடலாம்” என்றாள். பன்னிரண்டு வயதில் நான் கணக்குப்பிள்ளை ஆனேன். அந்தப் பெண்களில் எழுத்து தெரிந்தவர் இரண்டு பேர்தான். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம் போட்டேன். மீன் விற்கிற அக்காவுக்கு மீன். பூக்கட்டுகிறவருக்கு ஒரு பூ. உயரமான சித்திக்குத் தென்னை மரம். நோட்டை நீட்டினால் அவரவர் பக்கத்தை அவரவரே திருப்பி, கோடுகளை விரல் வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். பிறர் சொல்லி நம்புவதற்கும், தானே பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அவர்கள் முகத்தில்தான் முதலில் பார்த்தேன்.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பகுதி. இனிமேல் வருவது அப்படியல்ல.

காசுக் கணக்கை நோட்டில் எழுதத் தெரிந்த அம்மாவுக்கு, வீட்டுக் கணக்கும் ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது என்பது தெரியவில்லை. புது இடத்தில் மனைத்துண்டுக்குப் பெயர் பதிந்த அன்று ஐயா ஷிப்டில் இருந்தார். வரிசையில் நின்றவர் எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா. எழுதப் படிக்கத் தெரிந்தவர். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டபோது தன் பெயரைச் சொல்லிவிட்டார். அன்று அதில் கெட்ட எண்ணம் இருந்தது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் யாரும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அம்மாவின் பெயரை எழுத வேண்டும் என்று அந்த வரிசையில் யாருக்கும், அம்மாவுக்கே கூட, தோன்றவில்லை.

1981இல் ஐயா இறந்தார். அடுத்த வருடம், ஊரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா திரும்பி வந்தாள். இருபது வயது. இடது முழங்கை வீங்கி, மடக்க முடியாமல் இருந்தது. கீழே விழுந்துவிட்டேன் என்றாள். தோளிலும் முதுகிலும் இருந்த தழும்புகளைக் குளிக்கும்போது நான் பார்த்தேன். கீழே விழுந்தால் முதுகில் அப்படி வராது.

பத்து நாள் இருந்தாள். சித்தப்பா, “வாழாவெட்டிய இந்த வீட்டுல வச்சிருக்காதிய” என்றார். இந்த வீடு! வீடு அவர் பெயரில் அல்லவா இருந்தது. அம்மா இரவெல்லாம் அழுதாள். காலையில் அக்காவிடம், “பொம்பளன்னா பொறுத்துத்தான் போவணும்” என்றாள். ஆச்சி அவளுக்குச் சொன்னதை அவள் என் அக்காவுக்குச் சொன்னாள். நானும் சொன்னேன். எனக்குப் பதினெட்டு வயது, ஏதோ படித்தவள் என்று பெயர். “போ அக்கா, ஒரு பிள்ளை பிறந்தா அத்தான் மாறிடுவாரு” என்று சொன்னேன். தாதர் ஸ்டேஷன் வரை அவளுடைய பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

தாய்மார்களே, நான் கொடுத்த அறிவுரை இதுதான். என் அத்தான் மாறவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாள். கை இன்றுவரை சரியாக மடங்காது. 2011இல் அம்மா இறந்த காரியத்திற்கு வந்தபோது, என்னிடம் தனியாகச் சொன்னாள்: “அம்மா போகச் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. அவளுக்கு வழியில்ல. நீ ‘இரு அக்கா’ன்னு ஒரு வார்த்த சொல்லலியே.” இருபத்தொன்பது வருடம் அதை மனதில் வைத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அக்காவை அனுப்பிய மறு வருடம், 1983இல், சித்தப்பா அந்த வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் வாடகைக்குப் போனோம். அப்போது அம்மா சொன்ன வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: “நான் சொவத்துல எழுதுனேன், அவன் பேப்பர்ல எழுதிட்டான்.”

இதிலிருந்து நான் புரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். பொறுமை என்பது நம் தாய்மார்களின் குணம் என்று மேடையில் புகழ்கிறார்கள். அது குணமல்ல, வேறு வழி இல்லாததற்கு வைத்த பெயர். அம்மாவின் பெயர் அந்தக் காகிதத்தில் இருந்திருந்தால், “என் மகள் இங்கே இருப்பாள், உனக்கு இஷ்டமில்லை என்றால் நீ போ” என்று சொல்லியிருப்பாள். தெருவில் நின்று கத்தியவள்தானே அவள், தைரியம் இல்லாதவள் அல்ல. பெயர் இல்லாதவள் தன் மகளுக்குக் கூடத் திண்ணை கொடுக்க முடியாது. அரிசிப் பானையில் ஒளித்து வைக்கும் வித்தையை நான்கு தலைமுறையாக நன்றாகக் கற்றுக்கொடுத்தோம். அது காசைக் காப்பாற்றியது. வீட்டைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் வீடு ஒளிக்கிற பொருள் அல்ல, உரக்கச் சொல்லி எழுதி வாங்க வேண்டிய பொருள்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கியதை ஒரு முக்கிய காரணமாகச் சொல்லி 1951இல் அண்ணல் அம்பேத்கர் மத்திய மந்திரி பதவியையே விட்டு வெளியே வந்தார். 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தும், பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம இடம் இல்லை. தமிழ்நாட்டில் 1989இல் அதைத் திருத்தினார்கள், மகாராஷ்டிரத்தில் 1994இல், நாடு முழுவதற்கும் 2005இல். இது இந்துக்களுக்கான சட்டம். கிறித்தவச் சகோதரிகளுக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கும் வேறு சட்டங்கள் உண்டு, அவரவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செங்கல்பட்டுத் தீர்மானத்திலிருந்து 1989 வரை எண்ணிப் பாருங்கள், அறுபது வருடம். அதற்குள் ஆச்சி செத்துப்போனாள்.

சட்டம் வந்த பிறகு நம்மிடம் வந்தது என்ன? ஊரிலிருந்து ஒரு போன். “தங்கச்சி, திருவிழாவுக்கு வா, அப்படியே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ.” விடுதலைப் பத்திரம். பட்டுச் சேலை ஒன்று, பலகாரம் ஒரு டின், திரும்பிவர ரயில் டிக்கெட். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (பல கைகள் உயர்ந்தன.) படித்துப் பார்த்துவிட்டுப் போட்டவர்கள் மட்டும் கையை வைத்துக்கொள்ளுங்கள். (அநேகமாக எல்லாக் கைகளும் இறங்கின.) அண்ணன் தம்பியோடு பகைக்கச் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பது என்றால் முதலில் அது நம்முடையது என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். தெரியாமல் போனதற்கு விட்டுக்கொடுத்தது என்று பெயர் இல்லை.

1990இல் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு கோலி வாங்கினோம். பேப்பரில் இரண்டு பேர் பெயரும் வேண்டும் என்றேன். அவருக்கு மனம் வருந்தியது. “என்ன நம்பலையா?” என்று கேட்டார். “உங்கள நம்புறேன். உங்க தம்பியத்தான் எனக்குச் சரியாத் தெரியாது” என்றேன். (சிரிப்பு, கைதட்டல்.) இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எழுதிக்கொண்டு வந்தார். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

நான்காவது தலைமுறை என் மகள். ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சொல்வதுதான் வழக்கம் என்கிறோம். எனக்குத் தெரிந்த பாதிச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். ரேஷன் கார்டில் நான் இன்னும் “மனைவி”யாகவே இருந்தேன். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அந்தத் திட்டத்தில் வரும் குடும்பத்துக் கார்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்தான் குடும்பத் தலைவி என்று படித்துக் காட்டினாள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தையும் அவள்தான் சொன்னாள். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியை வெளியே தள்ள முடியாது என்கிறது அது. அதைக் கேட்டு நான் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். 1982இல் இந்தச் சட்டம் இருந்திருந்தால் என்று நினைத்தேன். பிறகு, அன்று சட்டம் இருந்திருந்தாலும் நான் “போ அக்கா” என்றுதானே சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தேன். இன்று உங்கள் வாசலில் ஒரு பெண் அப்படி வந்து நின்றால், முதலில் உள்ளே வரச் சொல்லுங்கள். 181 என்ற எண்ணைக் கூப்பிடலாம். அதற்கு முன் அவளுக்குச் சோறு போடுங்கள்.

இப்போது நம் பகுதிகளில் எங்கும் பேச்சு ஒன்றுதான்: மறுசீரமைப்பு. தாராவியில் 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கினார்கள். மற்ற இடங்களிலும் திட்டங்கள் வருகின்றன. எந்தத் திட்டம் நல்லது, எது மோசடி என்று இங்கே பல தலைவர்கள் பேசிவிட்டார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும், நானும் வருவேன். நான் சொல்வது ஒரு சிறு விஷயம். குடிசை மறுசீரமைப்புக்கான மும்பை விதி 33(10) என்று ஒன்று இருக்கிறது. தகுதியுள்ளவருக்குக் கொடுக்கும் வீடு, கணவன் மனைவி இருவருக்கும் கூட்டாகச் சொந்தம். சொசைட்டிப் பதிவேட்டிலும் பங்குச் சான்றிலும் அப்படியே எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கட்டடம் எழும்பி, சாவி கைக்கு வந்த பிறகும் பங்குச் சான்றை வாங்கிப் பார்க்காத பெண்கள் எத்தனை பேர்? வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பிள்ளையை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அன்று அந்த மீன்கார அக்கா விரல் வைத்துப் பார்த்தது போல.

இதில் தமிழ்ப் பெண்களுக்கு இன்னொரு தொல்லை. முத்துலட்சுமி என்று ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு முத்துலட்சுமி. வாக்காளர் அட்டையில் முத்து தனி, லட்சுமி தனி. லட்சுமியைக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார் எழுதியவர். ஆதாரில் கணவன் பெயர் பின்னால். பாங்குப் புத்தகத்தில் வெறும் லட்சுமி. ஒரு பெண் நான்கு பெண் ஆகிவிட்டாள். சர்வே செய்ய வருகிறவர் இதில் யார் இந்த வீட்டுக்காரி என்று கேட்டால் அவள் எங்கே போவாள்? கணக்கெடுப்பு வருவதற்கு முன் இதைத் திருத்த வேண்டும். அது ஒரு நாள் வேலை இல்லை, அலைய வேண்டியிருக்கும்.

பெயரைப் பற்றிப் பேசும்போது ஒரு சந்தோஷமான செய்தியும் உண்டு. 2024 மே 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, குழந்தையின் பெயரை அடுத்து முதலில் தாயின் பெயர், பிறகுதான் தகப்பன் பெயர் என்று மகாராஷ்டிர அரசு முடிவு செய்திருக்கிறது. என் பேத்தி அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவள். சர்டிபிகேட்டில் அவள் பெயரை அடுத்து என் மகள் பெயர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதை மூன்று தடவை கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

சங்கத்தின் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நேற்று நம் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பெயர், தொழில், ஊர், கையெழுத்து என்று பத்தி பிரித்திருக்கிறது. பக்கம் பக்கமாக ஆண்கள் பெயர். மகளிர் பக்கத்தில் “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் தாயார்”. சந்தா கட்டுகிறவள் அவள், பத்திரிகை வருவது அவர் பெயருக்கு. மேடையில் சமத்துவம் பேசிவிட்டுப் பதிவேட்டில் நம் சித்தப்பாவைப் போல எழுதலாமா? அடுத்த பொதுக்குழுவுக்கு முன் புதுப் பதிவேடு போட வேண்டும் என்று மகளிர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். இதைத் தீர்மானமாகவே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். (நீண்ட கைதட்டல்.)

கூட்டம் முடிந்ததும் நானும் என் மகளும் அந்தக் கடைசி ஜன்னல் பக்கம் உட்காருவோம். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பேப்பர் கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வோம். இன்று கொண்டுவராதவர்கள் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு இதே இடத்துக்கு வரலாம். படிக்கத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம், வேண்டியவர்களுக்குப் படமும் போட்டுத் தருவேன்.